எளியோர்க்கென ஓர் ஊர்தி: டெட்ராய்ட் முதல் மறைமலைநகர் வரை

முன்னுரை

தாம்பரம் நிலையத்தில் செங்கற்பட்டு செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறி அமர்ந்தால், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்லும். அடுத்து வரும் நிலையம் 'மறைமலைநகர் காமராசர்' என்பதாகும். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையெனப் போற்றப்படும் மறைமலையடிகளாரின் பெயரையும், பெருந்தலைவர் காமராசரின் பெயரையும் ஒருங்கே தாங்கி நிற்கும் நிலையம் அது.

அடிகளார் நம் பகுதிக்கு அயலார் அல்லர். 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் பயிற்றியவர். அக்கல்லூரி அப்போது நகரின் நடுவே இருந்தது, 1937இல்தான் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. ஆசிரியப் பணியிலிருந்து விலகிய பின் அடிகளார் பல்லாவரத்தில் குடியேறி, 1950இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். வேதாசலம் என்னும் தம் பெயரையே மறைமலை எனத் தமிழாக்கிக்கொண்ட அப்பெருமகனாரின் பெயரால் 1980ஆம் ஆண்டளவில் ஒரு துணைநகரம் அமைக்கப்பட்டது. அந்நகரில், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்க நாட்டுக் கார்த் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. அதுவே ஃபோர்டு தொழிற்சாலையாகும்.

கார் என்றாலே செல்வர் வீட்டுப் பொருள் என்றிருந்த உலகில், அதை எளியோர் வீட்டு வாயிலுக்குக் கொண்டுவந்த நிறுவனம் ஃபோர்டு. அதன் தோற்றமும் வளர்ச்சியும், அது செய்து விற்ற வண்டிகளும், நம் ஊர்ப்பக்கம் அது வந்ததும் சென்றதும் நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகளாகும். தமிழ்த்துறை மலரில் காருக்கு என்ன வேலை என்று எவரும் வினவலாம். சொல்லுக்கும் வாழ்வுக்கும் உள்ள உறவை ஆராய்வது தமிழாசிரியர் கடமை என்பதே அதற்கு விடை. ஆகவே ஒரு சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

பிளசரும் மகிழுந்தும்

என் பாட்டனார் மோட்டார் காரைப் 'பிளசர்' என்றே சொல்வார். தமிழகச் சிற்றூர்களில் முதியோர் பலர் வாயில் இச்சொல் வழங்கியதை இம்மலரைப் படிக்கும் பெரியவர்கள் நினைவுகூரக்கூடும். சுமை ஏற்றுவது லாரி. பலர் கூடிச் செல்வது பஸ். இன்பமாக உலாவருவதற்கு உரியது 'பிளசர் கார்'. ஆங்கிலத்தில் இன்பத்தைக் குறிக்கும் சொல்லே வண்டிக்குப் பெயராகிவிட்டது. பின்னாளில் தமிழறிஞர் வழக்கில் வந்த 'மகிழுந்து' என்னும் சொல்லிலும் அதே பொருள் பொதிந்திருத்தல் நோக்கத்தக்கது. மகிழ்வதற்குரிய உந்து மகிழுந்து.

இவ்விரு சொற்களும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. நம் மக்கள் பார்வையில் கார் என்பது தேவைப்பொருள் அன்று, இன்பப்பொருள். மிராசுதாரரும் வழக்கறிஞரும் பெருவணிகரும் வைத்திருப்பது. மற்றவர் ஒதுங்கி நின்று பார்ப்பது. அமெரிக்காவிலும் தொடக்கத்தில் இதே நிலைதான் இருந்தது. அந்நிலையை மாற்றியவர் ஹென்றி ஃபோர்டு.

உழவர் வீட்டுப் பிள்ளை

ஹென்றி ஃபோர்டு 1863ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே பொறிகளில் நாட்டம் மிக்கவர். டெட்ராய்ட் நகரில் எடிசன் பெயரால் இயங்கிய மின்விளக்கு நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே 1896இல் தம் முதல் வண்டியைச் செய்து முடித்தார். நான்கு மிதிவண்டிச் சக்கரங்களின் மேல் பொருத்திய எளிய வண்டி அது. அதன்பின் தொடங்கிய முயற்சிகள் நிலைக்கவில்லை. இறுதியில் 1903ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் ஃபோர்டு மோட்டார் கம்பெனி நிறுவப்பெற்றது. அப்போது அவருக்கு அகவை முப்பத்தொன்பது. நாற்பதை எட்டும் வயதிலும் தொடங்கலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

1908ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வெளிவந்த 'மாடல் டி' என்னும் வண்டியே உலகின் போக்கை மாற்றியது. நான்கு உருளை எஞ்சின், 20 குதிரைத்திறன், எடை குறைந்தும் உறுதி மிக்கும் இருந்த வனேடியம் கலந்த எஃகு, மேடு பள்ளச் சாலைக்கு ஏற்ற உயரமான அமைப்பு ஆகியவை அதன் சிறப்புகள். கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். பெட்ரோல் தானே வழிந்து எஞ்சினுக்கு இறங்கும்படி அமைந்திருந்ததால், தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் முன்னோக்கி ஏற்ற இயலாது. வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றுவார்களாம். இத்தகைய குறைகள் இருந்தும் உழவர்கள் அதை விரும்பி வாங்கினர். ஓரளவு கைத்திறன் உள்ள எவரும் தாமே பழுதுபார்த்துக்கொள்ளக் கூடியதாக அது இருந்தமையே காரணம்.

தொடக்கத்தில் அதன் விலை 850 டாலர். 1920களின் நடுவில் அதன் மலிவான வகை 260 டாலருக்குக் கிடைத்தது. பொதுவாகப் பொருள்களின் விலை ஆண்டுதோறும் ஏறுவதையே நாம் காண்கிறோம். ஒரே பொருள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக விலை இறங்கிக்கொண்டே வந்தது எவ்வாறு?

நகரும் பந்தி

இதற்கு விடை, 1913இல் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் ஃபோர்டு அமைத்த நகரும் வரிசைமுறையாகும். நம் திருமணப் பந்தியை எண்ணிப் பாருங்கள். உண்பவர் இலைமுன் அமர்ந்திருப்பர். பரிமாறுவோர் ஒவ்வொரு இலையாக நடந்து சென்று சோறும் குழம்பும் கறியும் இடுவர். இதனை அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். பரிமாறுவோர் ஓரிடத்திலேயே நிற்க, இலைகள் நகர்ந்து வருகின்றன. ஒருவர் சோறு மட்டும் இடுகிறார். அடுத்தவர் குழம்பு மட்டும் ஊற்றுகிறார். வரிசையின் முடிவில் இலை நிறைந்திருக்கும். ஃபோர்டு செய்தது இதுதான். சிகாகோ நகர இறைச்சிக்கூடங்களில் தலைக்குமேல் ஓடும் கம்பியில் இறைச்சி நகர்ந்து செல்லும் முறையே தமக்குத் தூண்டுதலாயிற்று என்று ஃபோர்டு தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார்.

அதுவரை ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்ட ஏறத்தாழ பன்னிரண்டரை மணிநேரம் பிடித்தது. புதிய முறையில் அது 93 நிமிடமாகக் குறைந்தது. காலம் குறையச் செலவு குறைந்தது; செலவு குறைய விலை குறைந்தது; விலை குறைய வாங்குவோர் பெருகினர்; வாங்குவோர் பெருகவே மேலும் விலையைக் குறைக்க முடிந்தது. 1927இல் மாடல் டி நிறுத்தப்பட்டபோது 1 கோடியே 50 இலட்சம் வண்டிகளுக்குமேல் செய்யப்பட்டிருந்தன.

இம்முறையால் வேலை எளிதாயிற்று, ஆனால் உயிரற்றதாயிற்று. நாள்முழுதும் ஒரே திருகைத் திருகுவதைப் பலரால் தாங்க இயலவில்லை. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்த சில வாரங்களிலேயே வேலையை விட்டு நின்றனர். இதைத் தடுக்கவே 1914ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள், எட்டுமணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியம் என்று ஃபோர்டு அறிவித்தார். அஃது அன்றைய வழக்கமான கூலியைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டது. அந்தக் கூலியைக் கொண்டு கணக்கிட்டால், 260 டாலர் வண்டி ஒரு தொழிலாளியின் 52 நாள் ஊதியம். வண்டியைச் செய்பவனே அதை வாங்கவும் முடிந்தது. 'எளிய விலை' என்பதற்கு இதனினும் தெளிவான அளவுகோல் இல்லை எனலாம்.

எனினும் நாணயத்தின் மறுபக்கத்தையும் காட்டுதல் முறை. அந்த 5 டாலரைப் பெறத் தொழிலாளியின் இல்லவாழ்வு சரியாக உள்ளதா என்று நிறுவனத்தின் ஆள்கள் வீடு தேடிச் சென்று ஆய்ந்தனர். தொழிற்சங்கத்தை ஃபோர்டு நெடுங்காலம் எதிர்த்தார். 1941இல்தான் ஒப்பந்தத்திற்கு உடன்பட்டார். தாம் நடத்திய இதழில் யூதர்மீது வெறுப்பை வளர்க்கும் கட்டுரைகளை வெளியிட்டுப் பின் 1927இல் மன்னிப்புக் கோரினார். பெரும்பணி ஆற்றியவர் அனைவரும் எல்லாவற்றிலும் பின்பற்றத் தக்கவர் ஆகார் என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.

சென்னைக்கு முதல் வருகை

ஃபோர்டு நம் நாட்டிற்கு வந்தது அண்மையில் அன்று. 1926ஆம் ஆண்டிலேயே ஃபோர்டு மோட்டார் கம்பெனி ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம் தொடங்கப்பெற்றது. இது நேரே அமெரிக்க நிறுவனத்தின் கிளை அன்று; கனடா நாட்டு ஃபோர்டின் கிளை. கனடா, பிரித்தானியப் பேரரசைச் சேர்ந்த நாடாதலால் சுங்கச் சலுகை கிடைத்தது என்பதே காரணம். பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுக நகரங்களில் பாகங்களாக வந்திறங்கிய வண்டிகள் பூட்டி விற்கப்பட்டன.

விடுதலைக்குப் பின் நம் அரசின் கொள்கை மாறியது. பாகங்களைக் கொணர்ந்து பூட்டி விற்பது மட்டும் போதாது. இந்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று அரசு கூறியது. அதற்கு உடன்படாத அமெரிக்க நிறுவனங்களான ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் 1950களின் முற்பகுதியில் வெளியேறின. கல்கத்தாவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்ட் என்னும் மூன்று நிறுவனங்களே அதன்பின் நெடுங்காலம் இந்தியக் கார்ச் சந்தையை ஆண்டன.

பெருங்களத்தூரில் ஒரு முன்கதை

அம்மூன்றனுள் ஸ்டாண்டர்ட் நம் ஊர்ப்பக்கத்து நிறுவனம். 1948இல் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை, பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்தது. வான்கார்டு, டென், பென்னன்ட் ஆகியவற்றுக்குப் பின் 1961இல் வந்த ஹெரால்டு என்னும் சிறுகார் மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றது. அதன்பின் கெசல் என்னும் கார் வெளிவந்தது. 1985இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்ற பெரிய கார் வந்தது. இங்கிலாந்தின் ரோவர் வண்டியின் அழகிய உடலுக்குள், பல்லாண்டுகளுக்கு முற்பட்ட வான்கார்டு வழிவந்த எஞ்சினை வைத்திருந்தனர். தோற்றம் புதிது, உள்ளீடு பழையது. விலையோ மிகுதி. அப்போது மாருதி 800 என்னும் சிறுகார் வந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. மக்கள் எதைத் தேர்ந்தனர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1988இல் ஸ்டாண்டர்டின் கார் உற்பத்தி நின்றது. இன்று அவ்விடத்தில் கண்ணாடிச் சுவர் கொண்ட கணினி நிறுவனக் கட்டடங்கள் நிற்கின்றன. ஹெரால்டு பிறந்த மண் அது என்பதை அவற்றுள் பணிபுரியும் இளைஞர் பலர் அறியார்.

இரண்டாம் வருகை

1991இல் இந்தியப் பொருளாதாரக் கொள்கை மாறிய பின் உலக நிறுவனங்கள் மீண்டும் நம் நாட்டை நாடின. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை விடுதலைக் காலத்திலிருந்தே பூட்டி விற்றுவந்த மகிந்திராவுடன் ஃபோர்டு கைகோத்தது. இருபாலாரும் சமபங்கு கொண்ட மகிந்திரா ஃபோர்டு நிறுவனம் 1995இல் அமைந்தது. முதல் வண்டியான 'எஸ்கார்ட்' 1996இல் நாசிக் நகரிலிருந்து வெளிவந்தது. 

புதிய தொழிற்சாலைக்காகப் பிற மாநிலங்களும் போட்டியிட்டன, தமிழ்நாடு வென்றது. துறைமுகம் அருகில் இருந்தது. பாகங்கள் செய்யும் நிறுவனங்கள் அம்பத்தூரிலும் பாடியிலும் முன்பே வேரூன்றியிருந்தன. தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர் நிறைந்திருந்தனர். தாம்பரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் மறைமலைநகரில் ஆலை எழுந்தது. 1998இல் ஃபோர்டு தன் பங்கை உயர்த்திக்கொள்ள, நிறுவனத்தின் பெயர் ஃபோர்டு இந்தியா என்றாயிற்று. அதே காலத்தில் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்தது. 'ஆசியாவின் டெட்ராய்ட்' என்று சென்னையைச் செய்தித்தாள்கள் புகழத் தொடங்கின.

மறைமலைநகர் தந்த வண்டிகள்

1999 நவம்பரில் 'ஐகான்' வெளிவந்தது. ஐரோப்பாவில் ஓடிய ஃபியஸ்டா என்னும் சிறுகாரை அடிப்படையாகக் கொண்டு, பின்புறம் டிக்கி சேர்த்து, இந்தியச் சாலைக்கென்றே வடிவமைத்த கார் இது. 1.3, 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் 1.8 லிட்டர் டீசல் எஞ்சினும் இருந்தன. அப்போது நான் கல்லூரி மாணவன். ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துக்குக் காத்து நிற்கையில், பலகைத் தூசு படியாத புதிய ஐகான்களை ஈரடுக்காக ஏற்றிய நீண்ட லாரிகள் வடக்கு நோக்கிச் செல்லும். நாங்கள் எண்ணிக்கொண்டிருப்போம். அவற்றுள் ஒன்றையும் வாங்கும் நிலையில் எவரும் இல்லை. ஆயினும் அவை நம்மூர் வண்டிகள் என்ற பெருமிதம் எல்லார்க்கும் இருந்தது.

2001இல் மாண்டியோ, 2003இல் எண்டெவர், 2004இல் ஃபியூஷன் ஆகியவை வந்தன. இவை வசதி மிக்கோர்க்குரியவை. 2005இல் வந்த ஃபியஸ்டா, ஐகானைவிட ஒருபடி மேம்பட்ட கார். ஆனால் நம் நாட்டில் அதிகம் விற்பவை டிக்கி துருத்தாத சிறுகார்களே. அந்த வகையில் ஃபோர்டு இறங்கியது 2010இல்தான். அதற்கெனச் சென்னை ஆலையில் 50 கோடி டாலர் முதலிட்டு, எஞ்சின் ஆலையும் சேர்த்து விரிவாக்கினர். அவ்வாறு பிறந்த 'ஃபிகோ' மூன்றரை இலட்ச ரூபாயை ஒட்டிய தொடக்க விலையில் வந்தது. 1.2 லிட்டர் பெட்ரோல், 1.4 லிட்டர் டீசல் என இருவகை எஞ்சின். அடுத்த ஆண்டின் சிறந்த இந்தியக் கார் என்னும் விருதை அது பெற்றது. வாடகைக்கு ஓட்டுவோர், பள்ளி ஆசிரியர், சிறுவணிகர் எனப் பலதரத்தாரும் அதை வாங்கினர். மாடல் டி காட்டிய வழியில் ஃபோர்டு நம் நாட்டில் உண்மையாகவே நடந்த காலம் அது எனலாம்.

2013இல் 'எக்கோஸ்போர்ட்' வந்தது. நான்கு மீட்டருக்குக் குறைந்த நீளமும் சிறிய எஞ்சினும் உடைய கார்களுக்கு நடுவணரசு வரிச்சலுகை அளித்துவந்தது. அந்த எல்லைக்குள் அடங்குமாறு 3,999 மில்லிமீட்டர் நீளத்தில், ஜீப்பைப்போல் நிமிர்ந்த தோற்றமும் பின்கதவில் மாட்டிய உபரிச் சக்கரமும் கொண்டு அது அமைந்தது. இன்று நம் சாலைகளில் நிறைந்திருக்கும் குட்டி எஸ்.யூ.வி. என்னும் வகைக்கு வழிதிறந்தவற்றுள் எக்கோஸ்போர்ட் முதன்மையானது. 2018இல் அமெரிக்கச் சந்தைக்கே அது சென்றது. கனடாவிலிருந்து பாகங்களாகச் சென்னைக்கு வந்த ஃபோர்டு வண்டி, தொண்ணூறு ஆண்டு கழிந்தபின் முழு வண்டியாக மறைமலைநகரிலிருந்து அமெரிக்காவிற்குச் சென்றது. இதைவிடப் பெரிய பாராட்டு நம் தொழிலாளர்க்குக் கிடைத்திருக்க முடியாது.

2015இல் குசராத்தின் சானந்தில் இரண்டாவது ஆலை திறக்கப்பட்டது. ஆஸ்பயர், புதிய ஃபிகோ, 2018இல் ஃப்ரீஸ்டைல் ஆகியவை அங்கிருந்து வந்தன.

ஆலைக்குள் ஒரு வண்டி பிறக்கும் முறை

கார் ஆலை என்பது நான்கு கூடங்களின் தொகுதியாகும். முதலாவது அழுத்துக்கூடம். சுருளாக வரும் இரும்புத்தகடு, பேரெடை கொண்ட அச்சுகளின்கீழ் அழுந்திக் கதவாகவும் கூரையாகவும் வடிவெடுக்கும். இரண்டாவது பற்றவைப்புக்கூடம். ஆயிரக்கணக்கான புள்ளிகளில் பற்றவைத்துத் தகடுகளை ஓருடலாக்குவர். இங்கே எந்திரக்கைகள் மிகுதி. மூன்றாவது வண்ணக்கூடம். துருப்பிடிக்காமைக்கான கரைசலில் உடல் முழுவதும் மூழ்கி எழுந்தபின், அடுக்கடுக்காக வண்ணம் ஏறும். நான்காவது இறுதிப் பூட்டுக்கூடம். எஞ்சின், கண்ணாடி, இருக்கை, சக்கரம் யாவும் சேர்வது இங்குதான். மனிதக்கை மிகுதியாக வேலை செய்வதும் இங்குதான். ஹென்றி ஃபோர்டின் நகரும் பந்தி இன்றும் இங்கே நகர்ந்துகொண்டிருக்கிறது.

இந்நான்கு கூடத்திற்கு வெளியேதான் பெரிய உலகம் உள்ளது. ஒரு காரில் பல்லாயிரம் பாகங்கள். அவற்றுட் பெரும்பாலானவற்றை வெளி நிறுவனங்களே செய்து தருகின்றன. அவற்றுக்குச் சிறு பட்டறைகள் செய்து தருகின்றன. பட்டறைகளை நம்பிச் சாப்பாட்டுக்கடைகள், வேன் ஓட்டுநர், வீட்டுவாடகையை நம்பிய முதியோர் என ஊரே வாழ்கிறது. பெரிய ஆலையின் வாயிற்கதவு சாத்தப்பட்டால் அதன் ஒலி பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள அடுப்படியிலும் கேட்கும்.

சாத்தப்பட்ட கதவு

2021ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்குமேல் இழப்பு என்றும், ஏறத்தாழ 4,000 பணியாளர் பாதிக்கப்படுவர் என்றும் நிறுவனம் கூறியது. 2022இன் நடுவில் நியாயமான இழப்பீடு கோரி மறைமலைநகர்த் தொழிலாளர் போராடினர். அவ்வாண்டு சூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளிவந்ததோடு அங்கே கார் உற்பத்தி முடிவுற்றது. சானந்து ஆலை 2023 சனவரியில் டாட்டா குழுமத்தின் வசமாயிற்று.

இதற்குக் காரணம் என்ன? வண்டியின் தரம் குறைவு என்று எவரும் கூறவில்லை. காரணங்கள் வேறு. முதலாவது, காலம். எஸ்கார்ட் வந்து பதினான்கு ஆண்டு கழிந்தபின்னரே ஃபிகோ வந்தது. அதற்குள் மாருதியும் ஹூண்டாயும் சிறுகார்ச் சந்தையில் வேரூன்றிவிட்டன. இரண்டாவது, மிகுதிறன். ஆண்டுக்கு ஏறத்தாழ 4 இலட்சம் வண்டி செய்யக்கூடிய இரண்டு ஆலைகளில் சிறுபகுதி அளவுக்கே வேலை இருந்தது. மூன்றாவது, தொடர்ச்சியின்மை. எக்கோஸ்போர்ட் திறந்த வழியில் பிறர் ஆண்டுதோறும் புதிய வண்டிகளோடு வந்தனர். ஃபோர்டு அதே வேகத்தில் தரவில்லை. 2019இல் மகிந்திராவுடன் மீண்டும் கூட்டுச்சேர அறிவித்த திட்டமும் 2020 இறுதியில் கைவிடப்பட்டது. நான்காவது, தாயகத்தில் நேர்ந்த மனமாற்றம். 2018இலேயே அமெரிக்காவில் சிறிய, நடுத்தரக் கார்கள் பெரும்பாலானவற்றைக் கைவிட்டுப் பெரிய வண்டிகளிலும் சரக்கு வண்டிகளிலும் நாட்டம் செலுத்துவதாக நிறுவனம் அறிவித்திருந்தது. எளியோர்க்கான வண்டியால் பெயர்பெற்ற நிறுவனம், எளிய வண்டியில் ஊதியம் இல்லை என்று கருதிய காலத்தில் மறைமலைநகரின் கதவு சாத்தப்பட்டது.

ஒரு விண்ணப்பம்

அந்நாள்களில் என் வகுப்பு மாணவர் ஒருவர், கல்லூரிக் கட்டணத்தைத் தவணையில் செலுத்த இசைவு கோரி விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தார். 'தந்தையார் பணிபுரியும் பட்டறையில் வேலை குறைந்தமையால்' என்று காரணம் குறித்திருந்தார். என்ன வேலை என்று கேட்டேன். கார்க் கதவோரத்தில் ஒட்டும் இரப்பர் பீடிங்கை அளவாக வெட்டிச் சீர்செய்யும் வேலை என்றார். எத்தனை ஆண்டுகள் என்றேன். "நான் பிறந்ததிலிருந்தே ஐயா. அப்பாவுக்கு அந்த வேலை ஒன்றுதான் தெரியும்" என்றார்.

அந்த ஒரு தொடரை நான் இன்றுவரை மறக்கவில்லை. நூறாண்டுக்கு முன் ஹைலண்டு பார்க்கில் திருகைத் திருகிய தொழிலாளியின் நிலையும் இதுவே. நகரும் வரிசை மனிதனுக்கு ஊதியத்தைத் தந்தது. கூடவே அவன் கைத்திறனை ஒரே செயலுக்குள் சுருக்கியது. வரிசை நகரும்வரை அக்கை பொன்னான கை. வரிசை நின்றால் அதே கை வெறுங்கை. அம்மாணவர் மாலைநேரத்தில் ஒரு கடையில் கணக்கெழுதியபடியே படித்துப் பட்டம் பெற்றார். அவர் தந்தையார் ஐம்பதை நெருங்கும் அகவையில் வேறொரு வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். ஹென்றி ஃபோர்டின் முப்பத்தொன்பதாம் அகவைத் தொடக்கத்தைவிட இஃது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

டெட்ராய்ட் கற்பிக்கும் பாடம்

'ஆசியாவின் டெட்ராய்ட்' என்னும் பட்டத்தில் நாம் மகிழ்ந்தோம். அசல் டெட்ராய்ட்டின் கதையை முழுதும் படித்தவர் சிலரே. 1950இல் 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்நகரில், 2010இல் 7 இலட்சத்தை ஒட்டிய மக்களே எஞ்சியிருந்தனர். ஒரே தொழிலை நம்பிய நகரம், அத்தொழில் இடம்பெயர்ந்தபோது தளர்ந்தது. 2013 சூலையில் நகராட்சியே கடன் தீர்க்க இயலாமல் நொடிப்பு நிலையை அறிவித்தது. பட்டங்களைச் சூட்டிக்கொள்ளும்போது அவற்றின் முழுப்பொருளையும் ஆராய்தல் அறிவுடைமை.

நல்வாய்ப்பாக நம் பகுதி ஒன்றையே நம்பியிருக்கவில்லை. அதே சாலையில் வேறு கார் நிறுவனங்களும், மகிந்திரா தொழில்நகரமும், கல்வி நிறுவனங்களும், மருத்துவமனைகளும் உள்ளன. ஃபோர்டும் முற்றாக நீங்கிவிடவில்லை. அந்நிறுவனத்தின் உலகளாவிய கணினி, பொறியியல் பணிகளைச் சென்னையில் ஆயிரக்கணக்கானோர் ஆற்றிவருகின்றனர். 2024 செப்டம்பரில் மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்த விருப்பம் தெரிவித்து நிறுவனம் தமிழ்நாடு அரசுக்குக் கடிதம் அளித்தது. 2025 அக்டோபரில், 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் அங்கே எஞ்சின் செய்யப்போவதாகவும், 2029இல் உற்பத்தி தொடங்கும் என்றும் அறிவித்தது. அறுநூறுக்கு மேற்பட்டோர்க்கு வேலை கிடைக்கும் என்பது கணக்கு. முன்பு இழந்ததோடு ஒப்பிட இது சிறிது. ஆயினும் சாத்திய கதவு சற்றே திறப்பது நன்றே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒரு பொருளை எளியோர் வாங்கும் விலைக்குக் கொணர்பவர் உலகை மாற்றுகின்றனர் என்பது ஒன்று. எளியோரை மறக்கும் நிறுவனம், அது எத்துணைப் பெரிதாயினும், தன் அடித்தளத்தை இழக்கும் என்பது மற்றொன்று. ஒரே செயலில் மட்டும் தேர்ந்த கைக்குப் பாதுகாப்பில்லை; கற்றுக்கொண்டே இருக்கும் மனத்திற்கே பாதுகாப்பு என்பது மூன்றாவது.

தமிழிலக்கியம் பயிலும் மாணவர்களே, உங்களுள் சிலர் ஆசிரியராவீர்கள். பலர் இச்சாலையோரத்து நிறுவனங்களிலேயே ஏதேனும் ஒரு பணியில் சேர்வீர்கள். எங்குச் சேர்ந்தாலும், உங்கள் கையிலுள்ள ஒரு வேலையோடு நின்றுவிடாமல், அடுத்த மேசையில் நடப்பது என்ன என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மின்தொடர் வண்டியில் மறைமலைநகரைக் கடக்கும்போது ஒருமுறை சன்னல்வழியே நோக்குங்கள். சொல்லைத் தூய்மைப்படுத்த ஆயுளைச் செலவிட்ட ஒரு தமிழறிஞரின் பெயரால் அமைந்த ஊர் அது. கடல்கடந்து சென்ற வண்டிகளைச் செய்து முடித்த ஆயிரமாயிரம் கைகளின் ஊரும் அதுவே. அப்புலவரின் பெயர் ஊர்ப்பலகையில் நிற்கிறது. அக்கைகளுக்குரியோர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்களை நாமேனும் நினைவில் கொள்வோம்.